பழைய வண்டிக்குப் புதிய செலுத்துதண்டு



சாலையோரத்தில் நிற்கும் ஒரு லாரியின் அடியில் எப்போதேனும் குனிந்து நோக்கியிருக்கிறீர்களா? முன்புறத்தில் எஞ்சினும் அதனோடு பிணைந்த பற்சக்கரப் பெட்டியும் இருக்கும். பின்புறத்தில், சக்கரங்கள் இரண்டிற்கும் நடுவே, பூசணிக்காய் போன்ற ஓர் இரும்புக் கூடு தெரியும். இவ்விரண்டிற்கும் இடையே, கரி படிந்த நீண்ட குழாய் ஒன்று செல்வதைக் காண்பீர்கள். அதுவே செலுத்துதண்டு. பட்டறைகளில் அதனைப் புரொபெல்லர் ஷாப்ட் என்பார்கள். எஞ்சின் ஈட்டிய ஆற்றல் முழுவதும் அந்தக் குழாயின் வழியாகத்தான் பின்சக்கரங்களைச் சென்றடைகிறது.

இதனைப் பற்றிப் பேச எனக்கு ஓர் உரிமை உண்டு. அது பெருமைப்படத்தக்க உரிமை அன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பௌதிகம் கற்பித்தவன் நான். மையவிலக்கு விசையின் சூத்திரத்தை எத்தனை கரும்பலகைகளில் எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆயினும், ஓய்வு பெற்று மூலக்குளத்தில் வந்து அமர்ந்த பின்னர், எங்கள் வீட்டு வண்டியின் அடியில் மல்லாந்து படுத்திருந்த ஒரு மாலை வேளையில்தான் அந்தச் சூத்திரம் என்ன சொல்கிறது என்பது எனக்கு விளங்கியது.

வண்டி, எங்கள் தந்தையார் 1972-இல் வாங்கிய அம்பாசடர். இந்த வண்டியின் வரலாறு உங்களிற் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் வண்டியின் மூன்றாம் வரிசையை அடிப்படையாகக் கொண்டு, வங்காளத்தில் உத்தரபாராவிலுள்ள தொழிற்சாலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1957 முதல் 2014 வரை இதனைச் செய்து வந்தனர். அக்காலத்து வண்டியில் 1489 கன சென்டிமீட்டர் எஞ்சினும், நான்கு வேகப் பற்சக்கரப் பெட்டியும் இருந்தன. கியர்க்கோல் ஸ்டியரிங் தண்டின் பக்கத்தில் இருக்கும். முதல் கியருக்கு ஒத்திசைவு வளையம் கிடையாது. வண்டி முற்றும் நின்ற பிறகே அதில் மாற்ற வேண்டும். பொறுமையற்றவர்களுக்கு அந்தப் பெட்டி நறநறவென்று பல்லைக் கடித்துக் காட்டும்.

ஐம்பது ஆண்டு உழைத்த அப்பெட்டி ஒருநாள் முடங்கிப் போயிற்று. எஞ்சினும் புகை தள்ளிக்கொண்டிருந்தது. என் தமையனார் வண்டியை விற்க மனம் ஒப்பவில்லை. அதற்குள், உடைப்புக்குப் போக இருந்த கான்டெஸா வண்டி ஒன்றிலிருந்து இசுசு எஞ்சினும் அதற்குரிய ஐந்து வேகப் பெட்டியும் கிடைத்தன. இதே இனத்து 1817 கன சென்டிமீட்டர் எஞ்சினை 1990-களின் தொடக்கத்திலிருந்து அம்பாசடரிலேயே பொருத்தி விற்றிருக்கிறார்கள். எனவே இது விபரீதமான ஒட்டுவேலை அன்று. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, வண்டியின் எஞ்சினை மாற்றுவோர் பதிவு அதிகாரியின் இசைவு பெற்றுப் பதிவுச் சான்றிலும் அதனைக் குறிக்கச் செய்தல் வேண்டும். தமையனார் அதனை முறையாகச் செய்து முடித்தார். முறை தவறியது வேறிடத்தில்.

எஞ்சினும் பெட்டியும் உள்ளே அமர்ந்துவிட்டன. பின்னச்சு பழைய அம்பாசடருடையதே. இப்போது இரண்டையும் இணைக்கும் தண்டுக்கு எங்கே போவது? பழைய தண்டின் முன்முனை புதிய பெட்டியின் பற்களோடு பொருந்தாது. கான்டெஸாவின் தண்டோ நீளம் ஒவ்வாது; ஏனெனில் அவ்வண்டியின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி அம்பாசடரைவிட ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மிகுதி. ஆகவே முன்முனையைக் கான்டெஸாவிலிருந்தும் பின்முனையை அம்பாசடரிலிருந்தும் எடுத்து, நடுவே குழாயை அளவாக வெட்டிப் பற்றவைத்துப் புதிய தண்டு ஒன்றை ஆக்குவதே வழி. எஞ்சினை ஏற்றிய வெளியூர்ப் பட்டறையினரே ஒரே நாளில் அதனையும் செய்து மாட்டிக் கொடுத்தனர். நாங்களும் அவர்களைப் பாராட்டிப் பணம் கொடுத்து வந்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தமையனாரின் மகளையும் அவளுடைய இரு குழந்தைகளையும் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் புறப்பட்டோம். வில்லியனூர் தாண்டும்வரை குறையொன்றும் இல்லை. கண்டமங்கலத்துக்கு அப்பால் சாலை சற்று விரிந்தது. தமையனார் வேகத்தைக் கூட்டினார். மணிக்கு 60 கிலோமீட்டரை எட்டியதும் வண்டியின் தரை அதிரத் தொடங்கியது. குலுக்கல் அன்று, தேனடையின்மேல் கால் வைத்தாற்போன்ற ஒரு ரீங்காரம். "சின்னத் தாத்தா, என் பல்லெல்லாம் கூசுகிறது" என்றாள் சிறுமி. சாலை சரியில்லை என்று நான் சமாதானம் சொன்னேன். பௌதிக ஆசிரியன் சொன்ன விடை அது! வளவனூரை நெருங்குகையில் அடியிலிருந்து டக்கென்று ஓர் ஓசை எழுந்தது. தமையனார் உடனே வண்டியை ஓரங்கட்டினார். இறங்கிப் பார்த்தால், முன்னிணைப்பின் மூடிகளுள் ஒன்று பாதி வெளியே வந்து நின்றது. பெட்டியின் வாயிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

அம்மூடி முழுவதும் கழன்றிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதை நான் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை. ஓடும் வண்டியில் தண்டின் முன்முனை அறுந்து தரையில் குத்துமானால், அது சாலையில் ஊன்றிய கழியாக மாறி, வண்டியின் பின்பாகத்தையே உந்தித் தூக்கிவிடவும் கூடும். பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருந்தனர்.

இனி, அந்த இணைப்பைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். பற்சக்கரப் பெட்டி வண்டிச் சட்டத்தோடு நிலையாகப் பிணிக்கப்பட்டது. பின்னச்சோ விற்பட்டைகளின்மேல் அமர்ந்து, மேடு பள்ளத்துக்கேற்ப ஏறியும் இறங்கியும் ஆடுவது. ஒன்று நிற்க, மற்றொன்று ஆட, இரண்டையும் இணைக்கும் தண்டு இடையறாது சுழலவும் வேண்டும். விறைப்பான தண்டாயின் முதற்பள்ளத்திலேயே முறிந்துவிடும். இச்சிக்கலைத் தீர்ப்பதற்காகத் தண்டின் இரு முனைகளிலும் ஒவ்வோர் இணைப்பு அமைந்திருக்கிறது. கவணுக்குரிய கவட்டைக் கிளையை நினைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய இரும்புக் கவைகள் இரண்டு, ஒன்றற்கொன்று குறுக்காக நிற்கும். இரண்டையும் நடுவில் பிடித்திருப்பது கூட்டல் குறி வடிவான ஓர் எஃகுத் துண்டு. பட்டறையில் அதற்குக் 'கிராஸ்' என்று பெயர். அதன் நான்கு கைகளும் ஊசி போன்ற உருளைகள் நிறைந்த மூடிகளுக்குள் அசையும்.

இந்த இணைப்புக்கு ஐரோப்பியர் இருவருடைய பெயர் வழங்குகிறது. 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இத்தாலிய அறிஞர் ஜெரோலாமோ கார்தானோ ஒருவர். ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக் மற்றொருவர். சுருள்வில்லின் விதியால் உங்களுக்கு அறிமுகமான அதே ஹூக்தான். சூரியனை நோக்கும் கருவிகளைப் பற்றி 1676-இல் அவர் வெளியிட்ட நூலில் இவ்விணைப்பை விவரித்திருக்கிறார். மோட்டார் வண்டி பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, வேறொரு நோக்கத்துக்காகச் செய்யப்பட்ட கருவி இது. பிரெஞ்சுக்காரர்கள் முன்னவர் பெயரால் இதனைக் 'கார்தான்' என்பர். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊரல்லவா நம் புதுவை! இச்சொல் நமக்கு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. வண்டியில் சங்கிலியை நீக்கித் தண்டைப் புகுத்திய பெருமையிலும் பிரான்சுக்குப் பங்குண்டு. இருபத்தொரு வயது இளைஞராயிருந்த லூயி ரெனோ, 1898-ஆம் ஆண்டு இறுதியில், தாம் செய்த சிறு வண்டியில் செலுத்துதண்டை அமைத்துப் பாரிஸ் நகரத்தின் மோன்மார்த்ரு குன்றின் செங்குத்தான தெருவில் அதனை ஏற்றிக் காட்டினார்.

ஆயினும் இவ்விணைப்பில் ஒரு குறையுண்டு. இங்கேதான் நீங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். இரு தண்டுகளும் ஒரே கோட்டில் இருந்தால் தொல்லையில்லை. அவற்றிடையே ஒரு கோணம் விழுந்துவிட்டால், முதல் தண்டு சீராகச் சுழன்றாலும் இரண்டாவது தண்டு சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்குள் இருமுறை விரையும், இருமுறை தளரும்.

நம்புதற்கு அரிதாயின் செய்து பாருங்கள். கருவிக் கடைகளில் ஸ்பானர்க் குமிழோடு மாட்டும் சிறிய இணைப்புக் கிடைக்கும். அதன் இருபுறமும் ஒவ்வொரு கம்பியைச் செருகி, இடையே 30 பாகைக் கோணம் வைத்து, ஒவ்வொரு முனையிலும் பாகைமானி வரைந்த அட்டையைப் பொருத்துங்கள். ஒரு தொடக்க நிலையிலிருந்து முதற்கம்பியை 45 பாகை திருப்பினால் இரண்டாவது கம்பி 41 பாகையே திரும்பியிருக்கும். மேலும் 45 திருப்பி 90 ஆக்கினால், பின்தங்கியது விரைந்து வந்து தானும் 90-இல் நிற்கும். கால் வட்டம் தள்ளித் தொடங்கினால் 45-க்கு 49 வரும். கணக்கில் விருப்பமுள்ளவர்களுக்கு: ஒன்றன் டேன்ஜென்டைக் கோணத்தின் கோசைனால் பெருக்கினால் மற்றதன் டேன்ஜென்ட் கிடைக்கும். இணைப்பின் கோணம் 10 பாகையானால், நிமிடத்துக்கு 1000 சுற்றுச் சுழலும் தண்டு, தன் அடுத்த தண்டை 985-க்கும் 1015-க்கும் இடையே ஊசலாட வைக்கும். கோணம் சிறுத்தால் ஊசலும் சிறுக்கும். ஆனால் ஒரு நிமிடத்தில் அது ஆயிரக்கணக்கான முறை நிகழ்கிறது என்பதை மறத்தலாகாது.

அப்படியானால் வண்டிகள் எப்படி அமைதியாக ஓடுகின்றன? இரண்டாவது இணைப்பு முதல் இணைப்பின் பிழையைத் திருத்துகிறது. முன்னது விரைவுபடுத்தும் கணத்தில் பின்னது தளர்த்துகிறது. இறுதியில் பின்னச்சுக்குப் போய்ச் சேரும் சுழற்சி சீராகிவிடுகிறது. நடுத்தண்டு மட்டுமே ஊசலாடும். தண்டில் இணைப்பு இரண்டு இருப்பது ஏன் என்று என்னிடம் படித்த மாணவன் ஒருவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், இரு முனை இருப்பதால் இரண்டு என்று சொல்லி அமர்த்தியிருப்பேன்.

ஆனால் இந்தத் திருத்தம் நிகழ இரண்டு நிபந்தனைகள் உண்டு. நடுத்தண்டின் இரு முனைகளிலுமுள்ள கவைகள் ஒரே தளத்தில் படுத்திருக்க வேண்டும் என்பது ஒன்று. முன்னிணைப்பின் கோணமும் பின்னிணைப்பின் கோணமும் சமமாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. அதாவது பெட்டியின் அச்சும், பின்னச்சுக் கூட்டினுள் புகும் பினியனின் அச்சும் இணைகோடுகளாக இருக்க வேண்டும். முதல் நிபந்தனை கால் வட்டம் தவறிவிட்டால், ஒரு பிழை மற்றதைத் திருத்துவதற்குப் பதிலாக அதனோடு சேர்ந்துகொள்ளும்.

வளவனூரிலிருந்து வண்டியை இழுவை லாரியில் கொண்டுவந்து சேர்த்தோம். எங்கள் தெருவுக்கு அருகில், விழுப்புரம் சாலையோரமாக ஒரு சிறு பட்டறை வைத்திருக்கும் முதிய மேஸ்திரி வந்து பார்த்தார். தண்டைக் கழற்றுமுன், அதன் முனைத்தட்டும் பினியன் தட்டும் சேருமிடத்தில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டார். பெட்டியின் வாயில், எண்ணெய் ஒழுகாதபடி துணி திணித்தார். பிறகு தண்டைத் திண்ணையில் கிடத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்திலிருந்து நோக்கினார். "வெட்டினவர்கள் நீளம் பார்த்திருக்கிறார்கள், வாத்தியார் ஐயா. திசை பார்க்கவில்லை" என்றார். முன்கவை நட்டுக்குத்தாக நின்றது, பின்கவை படுத்திருந்தது. கால் வட்டம்!

நீளம் பார்த்திருக்கிறார்கள் என்றாரே, அதுவும் முழு உண்மையன்று என்பது பின்னர்த் தெரிந்தது. வண்டியின் உடலைத் தூக்கி நிறுத்தி, பின்னச்சு கீழே தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் அளவெடுத்திருக்கிறார்கள். அச்சு இறங்கினால் பெட்டிக்கும் பினியனுக்கும் உள்ள தூரம் மாறுகிறது. சக்கரங்களின்மேல் தன் முழு எடையோடு வண்டி நிற்கும்போது எடுப்பதே சரியான அளவு. எங்கள் மேஸ்திரி வண்டியைக் குழியின்மேல் நிறுத்தி, டாங்கியில் பெட்ரோல் நிரப்பி, பின்னிருக்கையில் இரண்டு அரிசி மூட்டைகளையும் வைத்த பிறகே அளவுநாடாவைக் கையில் எடுத்தார். குழியில்லாதவர்கள் அச்சின் அடியில் உறுதியான இரும்புத் தாங்கிகளை வைத்து, முன்சக்கரங்களையும் அதே உயரத்துக்கு ஏற்ற வேண்டும். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் நுழைவோரைக் கண்டிருக்கிறேன். செங்கல் முன்னறிவிப்பின்றிப் பிளக்கும் பொருள்.

அச்சு ஏறி இறங்கும்போது தூரம் மாறுகிறதே, அதற்குத் தண்டு எவ்வாறு இடங்கொடுக்கிறது? முன்முனைக் கவையின் உட்புறத்தில் நீளவாக்கில் பற்கள் உள்ளன. பெட்டியின் வெளித்தண்டின்மேல் அவை உறைபோல மாட்டி, முன்னும் பின்னும் வழுக்கும். தண்டு மிகவும் நீண்டிருந்தால், பெரிய பள்ளத்தில் அச்சு மேலேறும்போது இவ்வுறை பெட்டியின் அடிமட்டில் போய் இடிக்கும். மிகவும் குட்டையானால் பற்களின் பிடிப்புக் குறைந்து, என்றேனும் கழன்றுவிடும். உறையை முழுவதும் உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு 20 முதல் 25 மில்லிமீட்டர் வெளியே இழுத்து, அங்கிருந்து பினியன் தட்டுவரை அளப்பது வழக்கம். எங்கள் தண்டுக்கு உள்ளே செல்ல எஞ்சியிருந்த இடம் பத்து மில்லிமீட்டர்கூட இல்லை. ஒவ்வொரு பள்ளத்திலும் அது பெட்டியின் வெளித்தண்டை முட்டியிருக்கிறது. எண்ணெய்த் தடுப்பு வளையம் கிழிந்ததும் அதனாலேதான்.

அடுத்தது கோணம். இதற்கு மேஸ்திரி என்னிடமே உதவி கேட்டார். என் பழைய பெரிய மரப் பாகைமானியின் நடுவில் நூலும் ஒரு சிறு ஈயக்குண்டும் கட்டித் தொங்கவிட்டோம். அதுவே சாய்வுமானி ஆயிற்று. பெட்டியின் பின்சாய்வு ஒன்றரைப் பாகை. தண்டின் சாய்வு ஐந்தரை. பினியனின் சாய்வு மூன்று. ஆகவே முன்னிணைப்பின் கோணம் நான்கு, பின்னிணைப்பின் கோணம் இரண்டரை. சமமின்றி ஒன்றரைப் பாகை விடுபட்டு நிற்கிறது. காரணத்தைத் தேடினால், பெட்டியின் வால் தாங்கிக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே ஓர் அங்குலக் கனத்தில் இரும்புத் துண்டு ஒன்றை வைத்து உயர்த்தியிருந்தார்கள். கியர்க்கோல் தரைத் துளைக்குச் சரியாக வரவேண்டும் என்பதற்காகவாம்! அத்துண்டை எடுத்ததும் பெட்டியின் சாய்வு மூன்றாயிற்று. தண்டின் சாய்வு நாலரைக்கு இறங்கியது. முன்னும் பின்னும் ஒன்றரை, ஒன்றரை. துளையை அரத்தால் சிறிது அகற்றினோம், கியர்க்கோலும் அமர்ந்தது.

இங்கே கூர்ந்த மாணவர் ஒருவர், கோணமே இல்லாமல் பூச்சியமாக்கிவிட்டால் இன்னும் நலமன்றோ என்று வினவலாம். நலமன்று. கோணம் சிறிதுமில்லையேல் மூடிக்குள் இருக்கும் ஊசியுருளைகள் உருளா. ஒரே இடத்தில் நின்று கிராஸின் கையில் பள்ளம் பதித்துவிடும். ஒன்று முதல் மூன்று பாகைவரை கோணம் இருப்பதே அவற்றுக்கு நல்ல உடற்பயிற்சி. விற்பட்டை வண்டிகளில், எஞ்சின் வலிந்து இழுக்கும்போது பினியனின் மூக்கு சற்று மேல்நோக்கித் திரும்பும் என்பதனால், தொடக்கத்திலேயே அதனை ஒரு பாகை தாழ்த்தி வைப்போரும் உண்டு. எங்கள் வண்டியின் அமைதியான ஓட்டத்துக்கு அது தேவைப்படவில்லை.

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்குத் தண்டைக் கொண்டுபோனோம். பழைய பற்றுவைப்பைக் கடைந்து எடுத்தார்கள். குழாயில் 15 மில்லிமீட்டர் குறைத்தார்கள். கவைகள் இரண்டையும் சமதளப் பலகையின்மேல் ரசமட்டம் வைத்து ஒரே தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். உடனே முழுவதும் பற்றவைக்கவில்லை. நான்கு இடங்களில் புள்ளி வைத்து, லேத்தில் மெதுவாகச் சுழற்றி, நடுக்குழாயின்மேல் டயல் கேஜின் முள்ளை வைத்துப் பார்த்தார்கள். முள் 0.3 மில்லிமீட்டருக்குள் ஆடியது. அதன் பிறகே, எதிரெதிர்ப் பக்கங்களில் மாறிமாறிச் சிறிது சிறிதாகப் பற்றுவைப்பை நிறைத்தார்கள். ஒரே பக்கமாகச் சுற்றிப் பற்றவைத்தால் சூட்டினால் குழாய் வளைந்துவிடுமாம்.

இப்போது அந்தச் சூத்திரத்துக்கு வருகிறேன். பற்றுவைப்பில் ஒரு பக்கத்தில் பத்துக் கிராம் உலோகம் மிகுதியாக ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது தண்டின் மையத்திலிருந்து 4 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் செல்கிறது. அஃதாவது நிமிடத்துக்கு 1000 மீட்டர். சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீட்டர் என்றால், சக்கரம் நிமிடத்துக்கு 500 சுற்று. பின்னச்சுக் கூட்டின் பற்சக்கரங்கள் நாலரைக்கு ஒன்று என்னும் வீதத்தில் அமைந்தால், தண்டு 2250 சுற்று. இனி, நிறை, ஆரம், கோணவேகத்தின் வர்க்கம் மூன்றையும் பெருக்குங்கள். 22 நியூட்டன் வரும். பத்துக் கிராம், இரண்டேகால் கிலோகிராம் எடையின் வன்மையோடு வெளிநோக்கி இழுக்கிறது! 80 கிலோமீட்டரில் தண்டு 3000 சுற்று. இழுப்பு 4 கிலோகிராம். அதுவும் ஒரே திசையில் அன்று. நொடிக்கு ஐம்பது முறை மேலும் கீழும் பக்கங்களுமாக. வர்க்கம் என்னும் சொல்லைப் பரீட்சைக்காக எழுதி வந்த நான், சிறுமியின் பல் கூசியதற்குக் காரணம் அந்தச் சொல்தான் என்பதை அன்று அறிந்தேன்.

ஆகவே தண்டைச் சென்னைக்கு அனுப்பிச் சமனிடும் இயந்திரத்தில் சுழற்றிப் பார்க்கச் செய்தோம். எங்கே எவ்வளவு குறைவு என்று அவ்வியந்திரம் சொல்லும். அங்கே சிறு தகட்டுத் துண்டை ஒட்டுவார்கள். எங்கள் தண்டு இரண்டு துண்டுகளோடு திரும்பி வந்தது.

வண்டி அதிர்ந்தால் குற்றவாளி தண்டுதானா என்று அறிய ஓர் எளிய சோதனையை மேஸ்திரி சொன்னார். அதிரும் வேகத்தில், ஆளில்லாத நேரான சாலையில், கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தானே ஓடவிட வேண்டும். எஞ்சின் தணிந்தும் அதிர்வு தொடருமானால் எஞ்சின் நிரபராதி. பிறகு அதிர்வின் குணத்தைப் பார்க்க வேண்டும். சக்கரத்தின் குறை, மேற்சொன்ன கணக்கின்படி நொடிக்கு எட்டு முறை வரும். ஸ்டியரிங்கில் குலுக்கலாகத் தெரியும். தண்டின் குறை நொடிக்கு முப்பத்தேழு முறைக்கு மேல். தரையிலும் இருக்கையிலும் ரீங்காரமாகத் தெரியும். கவைகளின் திசைப் பிழையோ ஒரு சுற்றுக்கு இருமுறை ஆதலால், அதனினும் இரட்டிப்பு.

மாட்டும் வேலையில் ஒரு சிறு கண்ணி இருந்தது. பழைய அம்பாசடரின் திருகாணிகள் அங்குலக் கணக்கு. இசுசுவின் திருகாணிகள் மில்லிமீட்டர்க் கணக்கு. முந்திய பட்டறையினர் பின்தட்டின் துளைகளைப் பத்து மில்லிமீட்டருக்கு அகற்றி, அதில் 3/8 அங்குலத் திருகாணியை, அதாவது 9.525 மில்லிமீட்டரை, நுழைத்திருந்தார்கள். அரை மில்லிமீட்டர் தளர்ச்சி என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். தட்டு அவ்வளவு விலகி அமர்ந்தால், சில கிலோகிராம் எடையுள்ள தண்டின் பின்முனை முழுவதுமே மையத்தினின்று விலகிச் சுழலும். பத்துக் கிராமுக்கே அந்தப் பாடு! தட்டின் நடுவிலுள்ள விளிம்பு பினியன் தட்டின் குழியில் இறுகப் பொருந்துகிறதா என்று முதலில் பார்த்து, துளைக்கு ஒத்த புதிய திருகாணிகளையும் பூட்டு நட்டுகளையும் இட்டோம். கிராஸ்கள் இரண்டும் புதியவை. மூடிகளைத் தாங்கும் வளையங்கள் தம் பள்ளத்தில் முழுவதும் அமர்ந்தனவா என்று ஒவ்வொன்றாக நகத்தால் தடவிப் பார்த்தோம். வளவனூரில் எங்களைக் கைவிட்டது அத்தகைய வளையம் ஒன்றே. கடைசியாக, தண்டின் முன்பகுதியைச் சுற்றிச் சட்டத்தோடு ஓர் இரும்பு வளையம் பூட்டினோம். இணைப்பு அறுந்தாலும் தண்டு தரையைத் தொடாது.

லாரிகளிலும் பேருந்துகளிலும் தண்டு இரு துண்டாகி, நடுவே ஒரு தாங்கியில் தொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். நீண்ட குழாய் ஒரு குறிப்பிட்ட வேகத்தில், ஆட்டிய கயிறு போல நடுவில் வளைந்து வீசத் தொடங்கும். அந்த ஆபத்தான வேகம் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். நீளம் இரு மடங்கானால் வேகவரம்பு கால் பங்காகிவிடும். ஆகையால் துண்டாக்குகிறார்கள். பெஜோ 403 போன்ற பழைய பிரெஞ்சு வண்டிகளில் தண்டை ஒரு கனத்த குழாய்க்குள் அடைத்து, முன்முனையில் மட்டும் இணைப்பு வைத்திருந்தனர். 1934-இல் வந்த சித்ரோவன் முன்சக்கரங்களையே ஓட்டியதால் நீண்ட தண்டே அதற்கு இல்லை. இன்று சாலையில் காணும் சிறு கார்களுட் பெரும்பாலானவை அந்த வழியைப் பின்பற்றியவையே. அவற்றின் அடியில் குனிந்து பார்த்து ஏமாற வேண்டா.

வேலை முடிந்த மறுநாள் நானும் தமையனாரும் மேஸ்திரியும் மட்டும் புறப்பட்டோம், குழந்தைகளை ஏற்றவில்லை. 40, 50, 60. நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் பதித்திருந்தேன். 60-இல் ஒன்றுமில்லை. 80-இல் காற்றின் ஓசை மட்டும் கேட்டது. வளவனூரில் நிறுத்தி, இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தோம். கை பொறுக்கும் சூடுதான். பெட்டியின் வாயில் எண்ணெய்க் கசிவு இல்லை. 500 கிலோமீட்டர் ஓடிய பின்னர்த் திருகாணிகளை மீண்டும் இறுக்கிப் பார்க்கச் சொல்லியிருந்தார் மேஸ்திரி. அதன்படி பார்த்தோம். மூன்று அசையவில்லை, நான்காவது மட்டும் கால் சுற்று உட்சென்றது.